மாலைக்கு ஒரு படம்

இருங்க, இருங்கண்ணே. மொதல்ல அந்தப் போனைச் சட்டைப் பையில வைங்க. பாத்துட்டேன். நான் எடுத்த போட்டோவ எனக்கே ஏன் மூஞ்சிக்கு நேரா நீட்டுறீங்க. ஆமா, அது ஒங்க மச்சான் படந்தான். ஆமா, மாலை போட்டுத்தான் இருக்கு. இல்லைன்னு நான் சொல்லவே இல்லையே.

ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க, அப்பறம் எம்புட்டு வேணும்னாலும் திட்டுங்க. சரண்யா இதப் பாத்தாளா? பாக்கலையே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அவ போனுக்கு யாரும் அனுப்பிருக்க மாட்டாகளே? போனை வாங்கி வச்சுட்டீங்களா? டாக்டரம்மாவே பாக்கக் கூடாதுன்னுட்டாகளா? அந்த அம்மா புள்ளகுட்டியோட நல்லாருக்கணும். அப்பாடா. இப்பத்தான் எனக்கு மூச்சே வருது. சரி, இப்பத் திட்டுங்க.

அத்தை இல்லண்ணே. நூறு நாள் வேலைக்குக் கம்மாய்ப் பக்கம் போயிருக்காக. பன்னெண்டு மணிக்குள்ள வந்துருவாக. நீங்க வீட்டுக்குப் போகாம நேரா இந்தக் கொட்டகைக்கு வந்தீங்க பாருங்க, அது ஒங்க நல்ல புத்தி. அவுக வாரதுக்குள்ள பேசி முடிச்சுருவோம். அவுககிட்டக் காட்டணும்னு நெனச்சுக்கிட்டு வந்திருந்தீங்கன்னா, ஒங்க கால்ல விழுகுறேன், அது மட்டும் வேணாம். மகன் படத்துல மாலையப் பாத்தா பெத்தவுக சும்மா இருப்பாகளா? தெருவே கூடிரும், அடுத்த நிமிசம் சரண்யாவுக்குப் போன் போயிரும். அலையக் கூடாதுன்னு அவள ஒங்க வீட்டுலயே வச்சிருக்கீங்க, பிரசவத்துக்கு இன்னும் இருபது நாளுதான் இருக்கு. அவுகப்பா, எங்க மாமனாரு, செத்த அன்னைக்கு அவ மண்ணுல விழுந்து பொரண்டு அழுததும், மூணாம் நாளு நாலு மாசக் கரு கலைஞ்சு போனதும் நானா ஒங்களுக்குச் சொல்லணும்? நீங்கதான தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனீங்க. அதுக்கப்பறம் ஒங்க ரெண்டு பேருக்கும் இப்பத்தான ஒரு நல்லது நடக்கப் போகுது. அது கெட்டுறக் கூடாதுண்ணே. எனக்கு வேற ஒண்ணுமே வேணாம்.

டீ சொல்லவா? வேணாமா. சரி, தண்ணியாச்சும் குடிங்க. கொடும்பாளூர்லேர்ந்து இம்புட்டுத் தூரம் வண்டிலயே வந்திருக்கீங்க, ஒதடெல்லாம் காஞ்சு கெடக்கு. அந்த நாற்காலில உக்காராதீங்க, அது கால் ஒடஞ்சது, போட்டோ எடுக்கத்தான் வச்சிருக்கோம். இந்த ஸ்டூல இழுத்துப் போட்டுக்கங்க.

உசுரோட இருக்க மனுசன் படத்துக்கு எவளாச்சும் மாலை போடுவாளான்னுதான கேக்குறீங்க. அதும் கட்டுன பொண்டாட்டி. கேக்க வேண்டிய கேள்விதான். ஆனா இந்த வேலை எப்புடின்னு தெரியாம நீங்க பேசுறீங்க. சொல்றேன், செத்த பொறுமையாக் கேளுங்க.

நாங்க ஏழு பேரு வெட்டிவேர்ல மாலை கட்டுறோம்ல. கல்யாண மாலை, மேடையில பெரிய ஆளுகளுக்குப் போடுற மாலை, அப்பறம் வீட்டுல படத்துக்குப் போடுற மாலை. படத்து மாலையத்தான் நெறையப் பேரு கேக்குறாக. பூ மாலைன்னா மறுநாளே வாடிரும். இது வருசக்கணக்குல கெடக்கும், ரெண்டு சொட்டுத் தண்ணி தெளிச்சா திரும்ப மணக்கும். கோயம்புத்தூர்ல ஒரு மேடம் ஆன்லைன்ல கடை வச்சிருக்காக, எங்க சரக்கு அம்புட்டும் அவுகளுக்குத்தான் போகுது. மொத மொதல்ல நான் என்ன பண்ணேன், பிளாஸ்டிக் சேர்ல மாலையப் போட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்புனேன். மேடம் போன் பண்ணி, என்னம்மா இது, மாடு கட்டுற கயிறான்னு கேட்டுட்டாக. அழகாத் தெரியணும், ப்ராப்ஸ் வச்சு எடுத்து அனுப்புங்கன்னாக.

ப்ராப்ஸா? எனக்கு என்னத்தத் தெரியும். ப்ரூப்புன்னு நெனச்சுக்கிட்டேன். நம்மள நம்பலை போல, நாம போலி இல்லைன்னு காட்டணும் போலன்னு, ஏழு பேரோட ஆதாரு, ரேசன் கார்டு, பாஸ்புக்கு மொதப் பக்கம் எல்லாத்தையும் ஜெராக்ஸ் எடுத்து, மாலையச் சுத்தி வரிசையாப் பரப்பி வச்சு, ஸ்டூல்ல ஏறி நின்னு மேலேர்ந்து போட்டோ எடுத்து அனுப்பிட்டேன். மேடம் அரை மணி நேரம் சிரிச்சாகளாம்.

நீங்க சிரிக்க மாட்டீங்க. தெரியும். ஒங்க மச்சான் இதக் கேட்டு வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாக. வெளிநாட்டுல அவுக ரூம்ல கூட இருக்கவுக அம்புட்டுப் பேரையும் எழுப்பி, எம் பொண்டாட்டி மாலைக்கு ஆதார் கார்டு எடுத்துட்டாடான்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாக. எனக்குக் கோவம் வந்து போனை வச்சுட்டேன். திரும்ப அடிச்சு, கோவிச்சுக்காத புவனா, நீ ப்ரூப்பு குடுத்தா நான் நம்புவேன், வேற யாரு நம்பாட்டி என்னன்னாக. அந்த மாதிரிப் பேசுற ஆளு.

அப்பறம் மேடந்தான் வெவரமாச் சொல்லிக் குடுத்தாக. பக்கத்துல வைக்கிற சாமான் இருக்கு பாருங்க, அதுக்குப் பேருதான் ப்ராப்ஸு. குங்குமச்சிமிழ வச்சா கல்யாண வீடுன்னு தெரியும், சொம்பு வச்சா பூசை வீடுன்னு தெரியும். பாக்குறவுக நம்ம வீட்டுல இது இருந்தா எப்புடி இருக்கும்னு நெனைக்கணுமாம். சொன்னதுதான் தாமசம், எங்க கூட மாலை கட்டுற ஆரோக்கியம்மாளுக்கா வீட்டுல இருந்த பித்தளை அண்டா, பன்னீர்ச் சொம்பு, கண்ணாடி மீன் தொட்டி வரைக்கும் தூக்கியாந்து எறக்கிருச்சு. எல்லாத்தையும் வச்சு எடுத்தோம். மாலையை ஒருத்தரும் கேக்கல. அண்டா என்ன வெலைன்னு பதினாலு பேரு கேட்டாக.

மாலைதான் பொண்ணு, மத்ததெல்லாம் தோழின்னு நெனச்சுக்கங்க, தோழிக்கு அலங்காரம் சாஸ்தியாயிட்டா பொண்ண யாரு பாப்பாகன்னு மேடம் சொன்னாக. அது எம் புத்தில நல்லா ஏறிருச்சு. அதுலேர்ந்து ரெண்டு சாமானுக்கு மேல வைக்க மாட்டேன். காலையில எட்டு மணி வெளிச்சத்துல, இந்தா இந்தச் சன்னலுக்கு வெள்ளை வேட்டியக் கட்டித் தொங்க விட்டா வெயிலு பாலு மாதிரி எறங்கும். அந்தப் பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையச் சாச்சு வச்சா நெழலு அடங்கிரும். வேரு மண்ணு நெறம், அதனால பின்னாடி மஞ்சச் செவுரு ஆகாது, ஊதாத் துணிதான் எடுப்பா இருக்கும். எல்லாம் கத்துக்கிட்டேன். எட்டாவது பெயிலானவ நானு.

வாரேன், வாரேன், விசயத்துக்குத்தான் வாரேன். கல்யாண மாலையத் தாம்பாளத்துல வச்சு எடுத்துரலாம். படத்து மாலையப் படத்து மேல போட்டாத்தான எம்புட்டு நீளம் தொங்கும், மொகத்த மறைக்குமா மறைக்காதான்னு வாங்குறவுகளுக்குத் தெரியும். அப்பப் படம் வேணும். சரி, யாரு படம்? சொல்லுங்கண்ணே, ஒங்க படத்தக் குடுப்பீங்களா? பாத்தீங்களா, கேக்கையிலயே மொகம் சுருங்குது. நான் கேட்ட அம்புட்டுப் பேருக்கும் அப்புடித்தான் சுருங்குச்சு.

வெறும் பிரேம வச்சுப் பாத்தோம். கண்ணாடில நான் போனைப் புடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு நிக்கிறது அப்புடியே விழுந்துருச்சு. மாலை எனக்குப் போட்ட மாதிரி ஆகிப்போச்சு. இனியான்னு காலேஜ் படிக்கிற பொண்ணு ஒண்ணு இருக்கு, எங்க குழுவுல படத்த ஆன்லைன்ல ஏத்துறது அதுதான். அய்யய்யோ அக்கான்னு கத்தி அழிச்சுப்புடுச்சு. முருகன் படம் வச்சோம். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா மேடம், இத வாங்க வாரவுக பாதிப்பேரு வீட்டுல யாரையோ பறிகுடுத்தவுக, சாமி படத்தப் பாத்தா பூசைக்குன்னு நெனச்சுத் தாண்டிப் போயிருவாக, மனுச மொகம் வேணும்னு சொல்லிட்டாக. நெட்டுலேர்ந்து ஒரு மொகத்த எடுத்துப் பிரிண்டு போட்டோம். வெள்ளக்காரரு, கோட்டு சூட்டு. அவருக்கு வெட்டிவேர் மாலையப் போட்டா, ஏதோ கட்சில சேர வந்தவரு மாதிரி பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறாரு.

டீக்கடைக்காரப் பெரியவரு, நான் தாரேம்மா எம் படத்த, செத்தா எப்புடி இருப்பேன்னு நானும் பாத்துக்கிறேன்னாரு. அவரு மருமக வெளக்கமாத்தோட வந்துருச்சு. கடைசில ஆரோக்கியம்மாளுக்கா தான் வீட்டுக்காரரு படத்தக் கொண்டாந்துச்சு. அவரு போயி ஏழு வருசம். உசுரோட இருந்தப்ப அந்த மனுசனுக்கு ஒரு துண்டு கூட எவனும் போத்தல, இப்ப வாரம் ஒரு மாலை போட்டு அனுபவிக்கட்டும்னு சிரிச்சுக்கிட்டேதான் குடுத்துச்சு. எட்டு மாலைக்கு நின்னாரு. அப்பறம் அவரு மக ஷர்லி திருப்பூர்லேர்ந்து பாத்துட்டு, எங்கப்பாவ ஜவுளிக்கடை பொம்மை ஆக்கிட்டீங்களான்னு போன்ல ஓன்னு அழுதுருச்சு. அக்கா படத்தத் தொடைச்சு, சேலை முந்தானைல சுத்தி வீட்டுக்குக் கொண்டு போயிருச்சு. ரெண்டு நாளு வேலைக்கே வரல. அன்னைக்கு எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. இனிமே யாரு வீட்டு மொகமும் வேணாம்னு நான்தான் சொன்னேன்.

சொன்னவ எதுக்கு ஒங்க மச்சான் படத்த எடுத்தேன்னு கேக்குறீங்க.

எடுத்தேன். வீட்டுல ஹால்ல மாட்டியிருந்ததுதான். சைசு சரியா இருந்துச்சு, கண்ணாடி மழுங்குன கண்ணாடி, நெழலு விழுகாது. சட்டையும் ஊதாச் சட்டை. நீளம் பாக்கத்தான் எடுத்தேன். விக்கிறதுக்கு எடுக்கலண்ணே, எங்கப்பன் சத்தியமா. இனியாகிட்ட ஏத்தச் சொல்லி நான் சொல்லவே இல்ல. குழுவுக்கு இருக்கது ஒரே போனு, அதுல கெடந்ததுலயே அதுதான் நல்லாருக்குன்னு அந்தப் பொண்ணு அதுபாட்டுக்கு ஏத்திருச்சு. அது மேல தப்பே இல்ல. நான் பாக்கையில ஒம்பது நாளு ஓடிருச்சு. பாத்த அன்னைக்கே எடுக்கச் சொல்லிட்டேன். ஆனா அதுக்குள்ள எவனோ எடுத்து யாருக்கோ அனுப்பி, சுத்திச் சுத்தி ஒங்க கையில வந்து நிக்கிது.

அந்த ஒம்பது நாள்ல நாப்பத்தோரு மாலை போயிருச்சுண்ணே. மேடம் கூப்புட்டு, புவனேஸ்வரி, இந்தப் படத்துல என்னமோ இருக்கு, பாத்தா கண்ண எடுக்க முடியல, எப்புடி எடுத்தீங்கன்னு கேட்டாக. வெளிய போயி அந்த வேப்பமரத்தடியில கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வந்தேன்.

என்னண்ணே, ஒரு மாதிரியாப் பாக்குறீங்க? சண்டையா? எங்களுக்குள்ளயா? யாரு சொன்னா?

ரெண்டு மாசமா ஒங்களுக்குப் போன் பண்ணலதான். நாந்தான் சொன்னேனே, சைட்டு மாத்திட்டாக, உள்ள ரொம்பத் தூரம் தள்ளி, டவரே கெடைக்காதுன்னு. எனக்கு மட்டும் எப்புடிக் கெடைக்கிதுன்னா... எப்பயாச்சும் டவுனுக்கு வந்தா பேசுவாக. ஒரு நிமிசம், ரெண்டு நிமிசம். அதுக்குள்ள கட்டாயிரும். அதுக்கு நான் என்ன பண்ணட்டும்.

ஏண்ணே, வார்த்தைய அளந்து பேசுங்க. கூடப் பொறந்த அண்ணனா நெனச்சு இம்புட்டு நேரம் ஒக்கார வச்சுப் பேசுறேன். எனக்கு வேற எவன் மேலயோ நெனப்பாம், அதான் புருசன் படத்துக்கு மாலை போட்டுப் பாக்குறேனாம். ஒங்க வாயிலேர்ந்தா இது வருது? சொன்னது ஒங்க ஊருக்காரவுகளா, நீங்களா? யாராவும் இருக்கட்டும். பதிமூணு வருசம் அந்த மனுசனோட வாழ்ந்தவ நானு. வாழ்ந்தேன்னா, லீவு லீவாச் சேத்துப் பாத்தா ஒன்றரை வருசங்கூட வராது. மத்ததெல்லாம் போனுதான். சோறு பொங்கையில தோள்ல போனை இடுக்கிக்கிட்டு, வேரு அலசையில போனைச் செவுத்துல சாச்சு வச்சுக்கிட்டு, அப்புடித்தான் குடும்பம் நடத்துனேன். ஒரு லீவுக்கு மீமிசல் கடலுக்குக் கூட்டிட்டுப் போயி, இந்தத் தண்ணில நேராப் போனா அங்கிட்டு நான் இருக்க ஊரு வந்துரும், ஒனக்கு ஆசை வந்தா இங்க வந்து நில்லுன்னாக. நான் நம்பிட்டேன். அதுக்கப்பறம் ரெண்டு வாட்டி பஸ் ஏறிப் போயி அந்தக் கரையில நின்னுட்டு வந்திருக்கேன். பெறகு இனியாதான் மேப்பக் காட்டி, அக்கா அந்த நாடு கெழக்கால இல்ல, மேக்காலன்னு சொல்லுச்சு. எதுத்த பக்கத்தப் பாத்து நின்னுருக்கேன். அந்த மாதிரி ஒரு பைத்தியக்காரி நானு. எம் மேல போயி இப்புடி ஒரு பேச்சு.

இல்ல, நான் அழுகல. கோவம். கோவத்துல கொரலு அப்புடித்தான் வரும்.

திரும்ப எதுக்குப் போனை எடுக்குறீங்க? பெருசு பண்ணிப் பாக்குறீங்களா? பாருங்க, நல்லாப் பாருங்க. வெளக்கா? ப்ராப்புதான். ஒத்தத் திரி போதும், ரெண்டு திரி போட்டா வெளிச்சம் மேலே ஏறி அடிக்கும். எலையா? அதுவும் ப்ராப்புதான். பச்சை நெறம் கீழ இருந்தா கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும். ஆமா, எலைல இருக்கது சோறுதான். வெறும் எலையப் போட்டா நல்லாவா இருக்கும்? ஆமா, மொச்சையும் கத்திரிக்காயும் போட்ட கொழம்புதான், அவுகளுக்குப் புடிச்சது. அன்னைக்கு வீட்டுல அதுதான் வச்சிருந்தேன். பின்னாடி தொங்குற அவுக சட்டையா? அது... பின்னாடி துணி பத்தல, மறைப்புக்கு மாட்டுனேன். ரெண்டு சாமானுக்கு மேல வைக்க மாட்டேன்னுதான் சொன்னேன். அன்னைக்கு வச்சுட்டேன். அன்னைக்கு ஒரு நாளு வச்சுட்டேன், போதுமா.

எந்தக் கிண்ணம்? எலைக்குப் பக்கத்துலயா? அது மெளகு.

கடுகுண்ணே. கடுகுதான், சமைக்கையில...

எள்ளு. எள்ளுதாண்ணே. எள்ளும் தண்ணியும். எந்திரிக்காதீங்க, அப்புடியே உக்காருங்க. அன்னைக்குப் பதினாறாம் நாளு. ஆவணி பத்தாந்தேதி போனாக.

சத்தம் போடாதீங்க. ஒங்களக் கும்புட்டுக் கேட்டுக்கிறேன், சத்தம் போடாதீங்க, அங்கிட்டு ஆரோக்கியம்மாளுக்கா வேரு அலசிக்கிட்டு இருக்கு. யாருக்கும் தெரியாது. அங்க அவுக ரூம்ல இருக்க ராக்கனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இப்ப ஒங்களுக்கு. வண்டி கவுந்துருச்சாம். ராக்கன் கூப்புட்டு, அக்கா பக்கத்துல யாரும் இருக்காகளான்னு கேட்டாப்ல. இல்லப்பா, சொல்லுன்னேன். சொன்னாப்ல. கேட்ட ஒடனே அத்தையக் கூப்புடத்தான் ஓடுனேன். வாசல் வரைக்கும் போயிட்டேன். அத்தை போன்ல, ஒனக்குப் பச்ச வளையலு நெறைய வாங்குவமா, செவப்பு நெறைய வாங்குவமான்னு சரண்யாகிட்டக் கேட்டுச் சிரிச்சுக்கிட்டு நிக்கிறாக. வளைகாப்புக்கு இன்னும் ஏழே நாளு. திரும்பி வந்துட்டேன். எப்புடித் திரும்புனேன்னு எனக்கே தெரியல.

ஒடம்பக் கொண்டு வர நாப்பது நாளாகும்னாக. நாப்பது நாளுன்னா அவளுக்கு ஒம்பதாம் மாசம். வாசல்ல அந்தப் பெட்டி வந்து எறங்குனா அவ தாங்குவாளா? எங்கண்ணன் எங்கண்ணன்னு மண்ணுல விழுகாம இருப்பாளா? அங்கயே அடக்கம் பண்ணச் சம்மதம்னு நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். அட்டைப்பெட்டி வாங்கப் போறேன்னு அத்தைகிட்டச் சொல்லிட்டு, புதுக்கோட்டை போயி, ஒரு வக்கீல் முன்னாடி போட்டேன். போட்டுட்டு அட்டைப்பெட்டியும் வாங்கிட்டு வந்தேன். பெத்தவுகளுக்கு மொகத்தக் காட்டாமப் பண்ண பாவி நானு. நானும் பாக்கலண்ணே. ராக்கன் ரெண்டு போட்டோ அனுப்புனாப்ல. மண்ணு போட்டு மூடுனது. வெறும் மண்ணு. ஒரு மாலை இல்ல. ஊருக்கெல்லாம் மாலை கட்டுறவ புருசனுக்கு ஒரு மாலை இல்லண்ணே.

பதினாறு நாளும் பொட்டு வச்சேன், பூ வச்சேன், அத்தையோட உக்காந்து சீரியல் பாத்தேன். பதினாறாம் நாளு ஒண்ணுமே செய்யாம விட்டா அந்த மனுசன் எங்க போயி நிப்பாருன்னு மனசு கேக்கல. வீட்டுல அவுக படத்துக்கு ஒரு பூ கூட வைக்க முடியாது. இங்கதான் முடியும். இங்க யாரு கேட்டாலும் போட்டோவுக்குன்னு சொல்லிக்கலாம். விடிஞ்ச ஒடனே வந்து, வேட்டியக் கட்டி, வெளக்கேத்தி, எலை போட்டேன். இருக்கதுலயே நல்ல வேராப் பொறுக்கிக் கட்டுன மாலை அது. அக்கா எட்டிப் பாத்து, என்னடி ஒம் புருசனயா வச்சிருக்கன்னுச்சு. நீளம் பாக்குறேன்க்கான்னேன். அது நின்னு பாத்துக்கிட்டே இருந்துச்சு, அதனால போனை எடுத்துப் போட்டோ எடுத்தேன். எடுத்துட்டு அழிச்சிருக்கணும். அழிக்க மனசு வரலண்ணே. நான் பண்ண தப்பு அம்புட்டுத்தான். அழிக்க மனசு வரல.

ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். யாருகிட்டயும் கேக்க முடியாம ரெண்டு மாசமா வச்சிருக்கேன். வளைகாப்பு அன்னைக்கு மொத வளையல நாந்தான் போட்டேன். நான் பாத்திரம் கழுவுறேன், வேலை கெடக்குன்னு ஒதுங்கி ஒதுங்கிப் போனேன். அண்ணிதான் போடணும்னு அவ அடம் புடிச்சு, நீங்கதான் கையப் புடிக்காத கொறையா வந்து கூப்புட்டீங்க. போட்டுட்டேன். சந்தனம் பூசிட்டேன். தாலி அறுக்க வேண்டியவ தெரிஞ்சே போட்டேன். அது அவளுக்கு ஆகாதாண்ணே? அந்தப் புள்ளைக்கு எதுவும் ஆயிருமா? எனக்கு இதெல்லாம் நம்பிக்கை இல்லைன்னு சொல்லிக்கிறேன், சொல்லிக்கிட்டேதான் இருக்கேன், ஆனா அவளுக்கு லேசாத் தலை வலிக்கிதுன்னு நீங்க சொன்னாக் கூட ஓடிப் போயி சாமி முன்னாடி நிக்கிறேன். ஒண்ணும் ஆகாதுன்னு ஒங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க.

தலைய ஆட்டுறீங்க. ஆகாதுன்னுதான? ஆகாதுன்னு எடுத்துக்கிறேன்.

அழுகாதீங்கண்ணே. ஆம்பளை இப்புடி அழுதா ரோடு வரைக்கும் கேக்கும். நான் இன்னும் அழுகல. அவ நல்லபடியாப் பெத்து எந்திரிக்கட்டும், அப்பறம் அழுதுக்கலாம்னு வச்சிருக்கேன். அதுக்கப்பறம் அத்தை காலப் புடிச்சு நானே சொல்றேன், அடிச்சே கொன்னாலும் சரி. இருபது நாளு மட்டும் பொறுங்க. ஒங்க வண்டிய எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயி, சரண்யா மூஞ்சியப் பாத்துச் சாதாரணமாச் சாப்புட ஒங்களால முடியுமான்னுதான் பயமா இருக்கு. முடியும். பழகிரும். மொத நாளுதான் சோறு எறங்காது.

கண்ணத் தொடைங்க. தொடைங்கண்ணே, அத்தை மம்பட்டியக் கீழ வைக்கிற சத்தம் கேக்குது. அந்தத் தண்ணிய எடுத்து மூஞ்சியக் கழுவுங்க. போனைப் பையில போடுங்க.

வாங்கத்தே. யாரு வந்திருக்கா பாருங்க. இல்லத்தே, பதறாதீங்க, ஒண்ணும் இல்ல, சரண்யா நல்லாருக்கா, நம்ம ஊருப் பக்கம் வேலையா வந்தவுக எட்டிப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தாகளாம். கண்ணு செவந்திருக்கா? வெயில்ல வண்டில வந்தாகள்ல, அதான். ஆமாத்தே, காலையில ரெண்டு நிமிசம் லைன் கெடைச்சுச்சு. பேசுனாக. நல்லாருக்காகளாம். ஒங்களத்தான் கேட்டாக. ஆத்தா வெயில்ல வேலைக்குப் போக வேணாம், நேரா நேரத்துக்குச் சாப்புடச் சொல்லுன்னு சொன்னாக.